சிறுமலரைப் பெற்றவர்கள்

தமிழ்நாட்டில் 'சிறுமலர்' என்ற பெயர் தாங்கிய பள்ளிக்கூடங்களுக்குக் குறைவே இல்லை. கையில் சிலுவையும் ரோஜாப்பூக்களுமாக நிற்கும் அந்த இளம் கன்னியரின் படம் கத்தோலிக்க வீடுகளின் சுவர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்குகிறது. பிரான்சின் லிசியே ஊரில், கார்மேல் மடத்தில், 24 வயதில் காசநோயால் இறந்துபோன, 'சிறுமலர்' என்று அழைக்கப்படும் தெரேசா அவர். 1897-ல் இறந்தவரைத் திருச்சபை 1925-லேயே புனிதராக அறிவித்துவிட்டது. ஆனால் அவரைப் பெற்று வளர்த்த அப்பா, அம்மா இருவருமே இன்று புனிதர்கள் என்று சொன்னால், தெரேசம்மாளுக்கு நவநாள் செபிக்கிறவர்களிலேயே பலர் "அப்படியா?" என்று கேட்பார்கள்.

அப்பா லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தவர். அம்மா செலி லேஸ் வியாபாரம் செய்தவர். 2015 அக்டோபர் 18 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் இவர்கள் இருவருக்கும் சேர்த்தே புனிதர் பட்டம் வழங்கினார். கணவனும் மனைவியும் தம்பதியாகவே இப்படி உயர்த்தப்பட்டது அதுவே முதல் முறை. மகளுக்கு 28 ஆண்டுகளில் கிடைத்தது, பெற்றவர்களுக்குக் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இந்த இடைவெளிக்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் வேலை லேசில் முடிவதில்லை. முதலில் இறை ஊழியர், பிறகு வணக்கத்துக்குரியவர், அப்புறம் அருளாளர், கடைசியில் புனிதர் என்று படிப்படியாகப் போக வேண்டும். சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அவர் எழுதியதையெல்லாம் திரட்டி வரி வரியாகப் படிக்க வேண்டும். அவரிடம் வேண்டிக்கொண்டதால் நடந்ததாகச் சொல்லப்படும் சுகத்துக்கு மருத்துவ விளக்கம் உண்டா என்று மருத்துவர்கள் ஆராய வேண்டும். ஒரு துறவற சபைக்கு இதற்கு ஆள் இருக்கும், பணம் இருக்கும், ஐம்பது வருடமானாலும் விடாமல் தொடரும் தெம்பு இருக்கும். தெருவில் கடை வைத்துப் பிழைத்த ஒருவருக்காக யார் இத்தனை காலம் அலைவார்கள்? பீடங்களில் நிற்கும் சுரூபங்களில் பெரும்பாலானவை துறவற அங்கி அணிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சுரூபங்களையே பார்த்துப் பார்த்து வளர்ந்த விசுவாசிகளின் மனத்தில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. புனிதமெல்லாம் குருக்களுக்கும் கன்னியர்களுக்கும். குடும்பஸ்தர்கள் ஞாயிறு பூசை தவறாமல், பெரிய பாவத்தில் விழாமல் ஒருவழியாகக் கரை சேர்ந்தால் போதும். "நாங்க புள்ளகுட்டிக்காரங்க, எங்களால அதெல்லாம் முடியுமா?" என்ற கேள்வியில் பணிவு இருப்பதாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால், தன் வீடும் தொழிலும் கடவுளுக்கு அவ்வளவு வேண்டியவை அல்ல என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நினைப்பு தவறு.

இதைத் தவறென்று திருச்சபைக்குள்ளிருந்தே சொன்னவர்கள் உண்டு. ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார், திருமணமான ஒரு பெண்ணுக்கு எழுதிய ஆன்மிக ஆலோசனைகளை விரித்து 1609-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். தொழிலாளி துறவியைப் போல நாளெல்லாம் கோவிலில் உட்கார்ந்திருந்தால் அது பக்தியா என்று அதில் கேட்கிறார். பிள்ளை பெற்றவர் நாளைய செலவுக்கு ஒன்றும் சேர்க்காமல் சந்நியாசியாக இருக்க முடியுமா? அவரவர் தொழிலுக்கும் பலத்துக்கும் பொறுப்புக்கும் ஏற்றதுதான் உண்மையான பக்தி. படைவீரனின் கொட்டடியிலிருந்தும் கைவினைஞரின் பட்டறையிலிருந்தும் அதைத் துரத்துவது பிழை என்பது அவர் வாதம். புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது. ஆனாலும் பொதுநிலையினர் இரண்டாம் படியில் இருப்பவர்கள் என்ற எண்ணம் போகவில்லை.

சலேசியாரின் வாதத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையின் போதனையாகவே எழுதி வைத்தது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான, திருச்சபையைப் பற்றிய அதன் கோட்பாட்டு ஏட்டில், ஐந்தாம் பிரிவு முழுவதும் எல்லாருக்குமான புனித அழைப்பைப் பற்றியது. துறவிகளைப் பற்றிய பிரிவு அதற்குப் பிறகே, ஆறாவதாக வருகிறது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும், எந்த நிலையில் இருந்தாலும், நிறை வாழ்வுக்கான அழைப்பு ஒன்றே என்று சங்கம் சொன்னது. தம்பதியர், கைம்பெண்கள், உடல் உழைப்பாளிகள், நோயாளிகள் என்று பெயர் சொல்லியே அழைத்தது. உலக வேலைகளை விட்டு விலகி அல்ல, அவற்றின் நடுவில் நின்றே அவர்கள் கடவுளாட்சியைத் தேடுகிறார்கள் என்றும் எழுதியது.

ஏட்டில் எழுதியது ஒரு வீட்டில் எப்படி நடக்கும் என்று பார்க்க, அலான்சோனுக்குப் போக வேண்டும்.

நார்மண்டிப் பகுதியிலுள்ள அந்தச் சிறு நகரம் ஒருவகை லேஸுக்குப் பேர் போனது. நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளிடம் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டார்கள் என்பதால், இந்த வேலை எவ்வளவு கண்ணையும் முதுகையும் வாங்கும் என்பது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அலான்சோன் லேஸ் முழுக்க ஊசியால் செய்வது. ஒரு சதுர சென்டிமீட்டர் முடிய ஏழு மணி நேரம் பிடிக்கும். 2010-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

செலி இருபதுகளின் தொடக்கத்திலேயே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார். அதற்கு முன் அவர் கேட்ட கதவு வேறு. நோயாளிகளைப் பராமரிக்கும் கன்னியர் சபையில் சேரப் போனார். தலைவி திருப்பி அனுப்பிவிட்டார். லூயிக்கும் அதே கதை. ஆல்ப்ஸ் மலையிலுள்ள புனித பெர்னார்டு மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். படிப்பு ஏறவில்லை. மடங்கள் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு பேரும் 1858 ஜூலை 13 நள்ளிரவில் அலான்சோன் மாதா கோவிலில் திருமணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணமான பிறகும் மடத்து நினைப்பு அவர்களை விடவில்லை. பத்து மாதங்கள் அண்ணன் தங்கையைப் போலவே ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். பிறகு ஒரு குருவானவரின் ஆலோசனையைக் கேட்டு மனம் மாறி, ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்கள். இந்தத் திருப்பம் முக்கியமானது. அதுவரை அவர்கள் புனிதத்தை இன்னொருவருடைய வாழ்க்கையில் தேடிக்கொண்டிருந்தார்கள். இனி அது சொந்த வீட்டில், பிள்ளைகளின் இருமலுக்கும் கடைக் கணக்குக்கும் நடுவில் நடக்க வேண்டியிருந்தது.

லேஸ் துண்டுகளைப் பின்னும் பெண்கள் தங்கள் வீடுகளிலேயே வேலை செய்து, வியாழக்கிழமைகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது செலியின் வேலை. எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை அதுதான். அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இந்தப் புனிதை நிறையப் புலம்புகிறார். ஆர்டர் குவிந்தால் தூக்கமில்லை என்கிறார், ஆர்டர் வராவிட்டால் கவலை என்கிறார், இந்த லேஸ்தான் தன் உயிரை வாங்குகிறது என்று சலித்துக்கொள்கிறார். ஆனால் வேலைக்காரப் பெண்களின் கூலி உடனுக்குடன் போய்விடும். அவர்களில் யாராவது படுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பும் வழியில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். சம்பளம் மட்டும் கொடுத்து ஒருவரை நம் வீட்டோடு ஒட்டவைக்க முடியாது, நம் அன்பு அவர்களுக்கு உறைக்க வேண்டும் என்று தம்பிக்கு எழுதுகிறார்.

லூயியின் கடையில் வேறொரு பிடிவாதம். அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் ஊருக்குள் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான். நகைக்கும் கடிகாரத்துக்கும் அன்றுதான் வியாபாரம். லூயி அன்று கடையைத் திறக்கவே மாட்டார். பக்கவாட்டுக் கதவையாவது திறந்து வைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். மறுத்துவிட்டார். பின்னாளில், 1870-ல், அந்தக் கடையையே விற்றுவிட்டு மனைவியின் லேஸ் தொழிலுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். ஆர்டர் பிடிக்கப் பாரிஸுக்குப் போய்வருவதும் கணக்குப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. மனைவி நடத்தும் தொழிலில் கணவர் வந்து கைகொடுப்பது 19-ஆம் நூற்றாண்டில் அவ்வளவு சாதாரணமான விஷயம் அல்ல.

ஒருநாள் இரயில் நிலையத்தில், வலிப்பு நோயுள்ள ஒருவர் ஊருக்குப் போகக் காசில்லாமல் தவிப்பதை லூயி பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றினார், அதில் தன் பங்கை முதலில் போட்டார், பிறகு அங்கிருந்த பயணிகளிடம் ஒவ்வொருவராகப் போய்த் தொப்பியை நீட்டினார். ஊரில் மதிப்புள்ள வியாபாரி, நல்ல உடுப்பில், பிளாட்பாரத்தில் பிச்சை கேட்டு நின்றார். காசு கொடுப்பது சுலபம். நாலு பேர் பார்க்கக் கையேந்துவது எவ்வளவு கஷ்டம் என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குடும்பத்துக்குத் துன்பம் சொல்லி மாளாது. 1867-க்கும் 1870-க்கும் இடையில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். இரண்டு ஆண் குழந்தைகள், ஒரு கைக்குழந்தைப் பெண், ஐந்து வயது எலேன். "இவர்கள் பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சு செலிக்குத் தாங்கவில்லை. அவர் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. மூன்றாவது மகள் லெயோனி யாருக்கும் அடங்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையை வீட்டுப் பணிப்பெண் இரகசியமாக மிரட்டி வைத்திருந்தார் என்பது செலிக்குத் தெரியவந்ததே தன் மரணத்துக்குச் சில மாதங்கள் முன்புதான். புனிதர் வீட்டிலும் கண்ணுக்கு முன்னால் நடந்தது தெரியாமல் போயிருக்கிறது. தெரிந்த பிறகு, மிச்சமிருந்த நாட்களையெல்லாம் அந்தப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, அன்பால் அவளை மீட்பதில் செலவழித்தார்.

மார்பில் இருந்த கட்டி அதற்குள் முற்றிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். 1877 ஜூனில் மகள்களை அழைத்துக்கொண்டு லூர்து மாதா திருத்தலத்துக்குப் போனார். சுகம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 28 அன்று, 45 வயதில் இறந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நான்கு வயது. ஐந்து பெண் பிள்ளைகளோடு லூயி லிசியேவுக்குக் குடிபெயர்ந்தார்.

அவருடைய கடைசிக் காலத்தை நம் ஊர்க் கோவில்களில் உரக்கச் சொல்ல வேண்டும். மூளை இரத்தக் குழாய் நோயால் லூயிக்கு நினைவு தடுமாறியது. வீட்டைவிட்டுக் காணாமல் போவார். தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள். 1889 பிப்ரவரியில் கான் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். மகள்களை மடத்துக்கு அனுப்பியதால்தான் இப்படி ஆனது என்று ஊர் பேசியது. மனநோய் என்றால் வெளியே சொல்ல வெட்கப்படுகிற, பாவத்துக்கான தண்டனை என்றுகூட நினைக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பீடத்தில் ஏற்றப்பட்ட ஒருவர் மனநல மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் இருந்தவர் என்ற ஒரு செய்தி அவர்களில் எத்தனை பேருடைய பாரத்தை இறக்கும்!

அலான்சோனில் நடந்தது வீட்டுக்குள் அடங்கிய கதை. பொதுநிலையினரின் புனிதம் சில நேரம் ஊரையே எதிர்த்து நிற்க வேண்டியும் வரும்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர் என்ற விவசாயி இருந்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளும் சண்டையுமாகத் திரிந்தவர். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர். 1936-ல் பிரான்சிஸ்காவை மணந்த பிறகு ஆளே மாறினார். மூன்று பெண் பிள்ளைகள், மாடு கன்று, வயல், கூடவே கோவிலில் கோவில்பிள்ளை வேலை. 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்க்கும் வாக்கெடுப்பில் அவர் ஊரில் எதிர்த்து வாக்களித்த ஒரே ஆள் அவர்தான். ஹிட்லரின் படையில் சேர அழைப்பு வந்தபோது, இந்தப் போர் அநியாயம், இதில் ஆயுதம் ஏந்த என் மனச்சாட்சி இடம் தராது என்றார். குடும்பத்தை நினைத்துப் பார் என்று பங்குக்குருவும் சொன்னார். ஆயரும் அப்படியே சொன்னார். 1943 ஆகஸ்டு 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலையை வெட்டினார்கள். 2007-ல் லின்ஸ் நகரில் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்தக் கதையில் பிரான்சிஸ்காவைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். கணவரின் முடிவுக்குக் குறுக்கே நிற்காதவர் அவர். "நாட்டுக்குத் துரோகம் செய்தவனின் மனைவி" என்று ஊர் ஒதுக்கியது. போரில் கணவரை இழந்த பெண்களுக்கான ஓய்வூதியமும் 1950 வரை மறுக்கப்பட்டது. வயலையும் மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். கணவர் விட்டுப்போன கோவில் வேலையையும் அவரே எடுத்துச் செய்தார். நூறு வயது வாழ்ந்து 2013-ல் இறந்தார். ஒரே நாளில் தலைகொடுத்தவரின் துணிவு பெரியதா, வருடக்கணக்காகத் தினமும் எழுந்து பால் கறந்தவரின் துணிவு பெரியதா என்று தராசில் போட்டுப் பார்க்க முடியாது.

நம் மண்ணிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவித்த டச்சுக்காரர் டிலனாயின் நட்பு கிடைத்தது. அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனமொடிந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

அவருடைய சாவைப் பற்றித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். எருமை மீது பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, அடிகள், புலியூர்க்குறிச்சியில் பாறையிலிருந்து தண்ணீர் வந்ததாக வழங்கும் மரபு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது, கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தது. திருமுழுக்குக்கும் 1749-ல் கைதானதற்கும் இடைப்பட்ட கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் அரண்மனை ஊழியர், கணவர், கிறிஸ்தவர். தன்னைவிடத் தாழ்ந்தவர்கள் என்று ஊர் சொன்னவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். சாதி பார்க்காமல் அவர் பழகியது உயர்குடியினரின் கோபத்தைக் கிளறியது. 2022 மே 15 அன்று அவர் புனிதரானார். இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர். சாதியைக் குறிக்கும் 'பிள்ளை' என்ற ஒட்டு வேண்டாம் என்ற கோரிக்கையை ஏற்று, அது இல்லாமலே அவர் பெயர் வாசிக்கப்பட்டது.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் எழும்பியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது, இடிக்கக்கூடாது என்று கிறிஸ்தவர்களே சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், தோற்றார்கள். தேவசகாயத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஒரு குடும்பம், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது என்ன கேட்கிறது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் அவரைப் பின்பற்றுவதா இல்லையா என்பது தெரியும். இந்தியக் கத்தோலிக்கருக்குத் தினசரிப் புனிதத்தில் இதைவிட அவசரமான பாடம் இல்லை.

சரி, ஒரு சாதாரண நாளில் இதெல்லாம் எங்கே தொடங்கும்? 2018-ல் வெளியிட்ட 'மகிழ்ந்து பேருவகை கொள்ளுங்கள்' என்ற திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு பெண்ணை உதாரணம் காட்டுகிறார். அவர் சந்தைக்குப் போகிறார், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறார், பேச்சு அடுத்தவரைப் பற்றிய குறையாகத் திரும்புகிறது. நான் யாரைப் பற்றியும் தப்பாகப் பேச மாட்டேன் என்று மனத்துக்குள் முடிவெடுக்கிறார். வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஏதோ சொல்ல வேண்டும் என்கிறது. களைப்பாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறார். அவ்வளவுதான். அடுத்த வீட்டிலேயே புனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது இவர்களை நினைத்துத்தான்.

அந்தப் பெண் செய்தது சின்னதாகத் தெரியும். தொடர்ந்து செய்து பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது புரியும். செபம் அந்தப் பலத்துக்காகத்தான். மார்ட்டின் தம்பதியர் தினமும் காலை ஐந்தரை மணிப் பூசைக்குப் போனார்கள்; வேலைக்குப் போகிற ஏழைகள் வருகிற பூசை அது. எல்லாருக்கும் அது இயலாது. காலையில் அன்றைய நாளைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் ஒரு சிறு செபம், இரவில் படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு செபமாலை, ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி. இவ்வளவை எந்தக் குடும்பமும் செய்யலாம். ஆன்ம சோதனையில் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் அம்மா காய்ச்சலில் வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தேனா? கடையில் எடை சரியாக இருந்ததா? ஆஸ்பத்திரியில் கத்திய நோயாளியிடம் நானும் கத்தினேனா? வகுப்பில் பின்பெஞ்சுப் பையன் பெயர் எனக்குத் தெரியுமா?

ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய, உறுதியான போதனை. டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மேட் டால்பட் இதை உயிராகப் பிடித்துக்கொண்டவர். 12 வயதில் குடிக்கத் தொடங்கி, 28 வயதில், 1884-ல், சத்தியம் செய்து நிறுத்தினார். 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை தொடவில்லை. குடியை விட்டதும் அவர் செய்த வேலைகளில் ஒன்று, மதுக்கடைகளில் வைத்திருந்த கடனையெல்லாம் அடைத்தது. குடிக்கக் காசில்லாமல், தெருவில் வாசிக்கும் ஒரு ஏழையின் வயலினை நண்பர்களோடு சேர்ந்து திருடி விற்றிருந்தார். அந்த ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார். கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை அவருக்காகப் பூசை வைக்கக் கொடுத்தார். குடியால் சீரழியும் குடும்பங்களை நன்றாகவே அறிந்த தமிழ் வாசகருக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியது அவசியம்.

பொதுநிலையினர் கோவில் காரியங்களில் அதிகம் ஈடுபடுவதுதான் புனிதம் என்ற இன்னொரு எண்ணமும் இருக்கிறது. பாடகர் குழு, வாசகம், பங்குப் பேரவை எல்லாம் நல்லவைதான். அவற்றில் இருக்கிறவர் அலுவலகத்தில் கையூட்டு வாங்கினால் அந்தப் பாட்டு எங்கே போய்ச் சேரும்? கோவிலுக்கு வெளியே நிற்கும் அந்த வாழ்க்கைக்குத்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரை அனுப்பியது.

தூரின் நகரத்து இளைஞர் பியர் ஜார்ஜோ பிரசாத்தியை எடுத்துக்கொள்ளலாம். 1901-ல் பிறந்தவர். அப்பா இத்தாலியின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான லா ஸ்டாம்பாவின் உரிமையாளர். மகனுக்கு மலையேறுவதில் பைத்தியம். சுரங்கத் தொழிலாளர்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே சுரங்கப் பொறியியல் படித்தார். கையில் கிடைக்கும் காசெல்லாம் ஏழைகளுக்குப் போய்விடும். இரயிலுக்கு வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டு நடந்து வருவார், சாப்பாட்டுக்குத் தாமதமானதற்குத் திட்டு வாங்குவார். காரணம் சொல்ல மாட்டார். 1925-ல் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அதே வீட்டில் பாட்டி சாகக் கிடந்ததால் இவர் படுத்திருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவதற்கு முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கினார்: இன்னாருக்குப் போட வேண்டிய ஊசி மருந்து இது, இன்னாருடைய அடகுச் சீட்டு இது, புதுப்பித்துவிடவும். இறுதி ஊர்வலத்தில் தூரினின் ஏழைகள் திரண்டு வந்தபோதுதான், தங்கள் பிள்ளை யார் என்பது அந்தப் பணக்கார வீட்டுக்குத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று, கம்ப்யூட்டரில் ஆர்வம் கொண்டு 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குதிஸோடு சேர்த்து, திருத்தந்தை 14-ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

பிரசாத்தி இந்த ஏழைகளின் வீடுகளுக்குப் போனது வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராக. 1833-ல் பாரிஸில், இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாமும் சில நண்பர்களும் தொடங்கிய பொதுநிலையினர் அமைப்பு அது. ஓசானாம் பின்னாளில் சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர், கணவர், ஒரு பெண் குழந்தையின் அப்பா என்று வாழ்ந்தவர்; 1997-ல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அதே சபை தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் இன்றும் நடக்கிறது. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உதவி கேட்டவரைக் கோவில் வாசலுக்கு வரச் சொல்வதில்லை. இரண்டு பேராக அவருடைய வீட்டுக்கே போய், உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். எந்தப் பங்கில் அது இருக்கிறதோ அங்கே, கூட்டம் எந்த நாளில் என்று பங்குத்தந்தையிடமோ கோவில்பிள்ளையிடமோ கேட்டால் சொல்வார்கள்.